உண்ணிச்செடியைப் பிடுங்கினால் மட்டும் போதாது, அதே மழையில் புல்லையும் விதைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி காடுகளில் உண்ணிச்செடி அகற்றும் வேலை பற்றி உங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்தி வருகிறது. இத்தனை ஹெக்டேர் முடிந்தது, இன்னும் இத்தனை பாக்கி என்று போட்டிருக்கும், பக்கத்தில் பொக்லைன் நிற்கிற படமும் இருக்கும். ஆனால் அதே இடத்தில் இரண்டு வருஷம் கழித்து என்ன நிற்கிறது, புல்லா, மறுபடியும் உண்ணியா என்ற செய்தியை நான் படித்ததே இல்லை. தேன்கனிக்கோட்டை வட்டத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பவன் நான். இந்த விஷயத்தில் கணக்குக்குச் சொல்ல ஒரு தெளிவான சேதி இருக்கிறது. அது வேலையை எடுத்துச் செய்பவர்களுக்கும் அதற்குப் பணம் ஒதுக்குபவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உண்ணிச்செடி நமக்குப் புதிதில்லை. தென் அமெரிக்கப் பக்கத்துச் செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுக்காகக் கொண்டுவந்தார்கள், அங்கிருந்து நாடு முழுக்கப் பரவிவிட்டது. மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்த பூ, கசக்கினால் மூக்கில் ஏறுகிற இலை, நாலு பட்டையான தண்டு, தண்டு முழுக்கக் கொக்கி மாதிரி வளைந்த சின்னச் சின்ன முள். பழம் கறுத்துப் பழுத்தால் கொண்டைக்குருவி தின்று போகிற இடமெல்லாம் விதையைப் போடும். ஆடு மாடு இலையைத் தொடாது, பசியில் தெரியாமல் தின்றாலும் ஈரல் கெட்டு, வெயில் பட்ட இடத்தில் தோல் வெந்துபோகும். ஜவளகிரி, உரிகம் பக்கம் ஒரு பழைய உண்ணிப் புதரைக் கையால் விலக்கி உள்ளே குனிந்து பாருங்கள், தரையில் காய்ந்த சருகு கிடக்கும், இருட்டாக இருக்கும், ஒரு புல் முளை இருக்காது. இரண்டு அடி தள்ளி வெயில் படுகிற இடத்தில் ஊசிப்புல்லும் அருகும் இருக்கும். வெளிச்சம், மண்ணின் ஈரம், சத்து, இந்த மூன்றுக்கும்தான் இரண்டுக்கும் நடுவே போட்டி.

ஒரே இரைக்கு, ஒரே இடத்துக்கு இரண்டு உயிரினங்கள் போட்டி போட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு நூறு வருஷமாக ஒரு சமன்பாடு இருக்கிறது. பிளஸ் டூ புத்தகத்தில் வகைக்கெழுச் சமன்பாடுகள் என்ற பாடத்தில் மக்கள்தொகை வளர்ச்சிக் கணக்கு வருகிறதே, அதன் அடுத்த படிதான் இது. முதல் படி, எண்ணிக்கை எவ்வளவோ அதற்குத் தக்கபடி பெருகும் என்பது; அப்படியே விட்டால் எல்லையில்லாமல் போய்விடும். 1838இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த வெர்ஹுல்ஸ்ட், நிலம் தாங்குகிற அளவு என்று ஒன்று இருக்கிறது, அதை நெருங்க நெருங்க வளர்ச்சி மட்டுப்படும் என்று ஒரு கடிவாளம் போட்டார். அதற்கு அப்புறம் ஏறக்குறைய தொண்ணூறு வருஷம் கழித்து இரண்டு பேர், ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் இத்தாலியில், தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஆல்ஃபிரட் லோட்கா நியூயார்க்கில் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் புள்ளிவிவரம் பார்த்தவர், அவருடைய புத்தகம் 1925இல் வந்தது. வீட்டோ வோல்டெரா ரோம் நகரத்துக் கணிதப் பேராசிரியர், அவருடைய கட்டுரை 1926இல் வந்தது. வோல்டெராவுக்கு இந்த யோசனை மீன் சந்தையிலிருந்து வந்தது. முதல் உலகப்போர் சமயத்தில் ஏட்ரியாடிக் கடலில் மீன்பிடிப்பு குறைந்திருந்தபோது, பிற மீனைத் தின்னும் மீன்களின் பங்கு மட்டும் கூடியிருக்கிறதே, அது ஏன் என்று அவருடைய மருமகன் டான்கோனா கேட்டார். அது இரையும் இரைகொல்லியும் பற்றிய கணக்கு, அதிலிருந்தே இரண்டு போட்டியாளர்களின் கணக்கும் வந்தது. இதே வோல்டெரா 1931இல் முசோலினி அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க முடியாது என்று மறுத்துப் பேராசிரியர் பதவியையே இழந்தார். சமன்பாட்டோடு சேர்த்து இதையும் பிள்ளைகளிடம் சொல்லாமல் நான் விடுவதில்லை.

சமன்பாடு என்றதும் யாரும் பக்கத்தைத் திருப்ப வேண்டாம், பேச்சுத் தமிழிலேயே சொல்லிவிடலாம். புல் வளரும் வேகத்தை மூன்று விஷயம் தீர்மானிக்கிறது. ஒன்று, இப்போது எவ்வளவு புல் இருக்கிறது. இரண்டு, புல்லே தனக்குள் எவ்வளவு நெருக்கிக்கொள்கிறது. மூன்று, பக்கத்தில் நிற்கிற உண்ணி, புல்லுக்குரிய இடத்தில் எவ்வளவைப் பிடித்துக்கொள்கிறது. ஓர் உண்ணி இரண்டு புல்லின் இடத்தை அடைத்தால் அந்த எண் 2. இதற்குப் போட்டிக் கெழு என்று பெயர். உண்ணிக்கும் இதே மாதிரி ஒரு வரி, அதில் புல் உண்ணியை எவ்வளவு நெருக்குகிறது என்று இன்னொரு கெழு. இரண்டு வரி, இரண்டு கெழு, அவ்வளவுதான்.

இந்த இரண்டு வரியிலிருந்து நாலே நாலு முடிவுதான் வரும். முதலாவது எப்போதும் ஜெயிக்கும். அல்லது இரண்டாவது எப்போதும் ஜெயிக்கும். அல்லது இரண்டும் சேர்ந்து வாழும். அல்லது, இதுதான் முக்கியம், முதலில் யார் அதிகமாக இருந்தார்களோ அவர்கள் ஜெயிப்பார்கள்.

இதெல்லாம் வெறும் காகிதக் கணக்கு என்று நினைத்துவிடக் கூடாது. மாஸ்கோவில் காஸே என்ற இளைஞர், 1934இல் அவருடைய புத்தகம் வந்தபோது முப்பது வயதுகூட ஆகவில்லை, சோதனைக்குழாயில் பாரமீசியம் வளர்த்துப் பார்த்தார். ஒரு செல் உயிரி, நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட பெயர் தெரியும். இரண்டு வகையைத் தனித்தனியாக வளர்த்தால் இரண்டுமே வெர்ஹுல்ஸ்ட் சொன்னபடி ஏறி ஓர் உயரத்தில் நின்றன. ஒரே குழாயில், ஒரே இரை போட்டு வளர்த்தபோது ஆரேலியா என்ற வகை நின்றது, காடேட்டம் என்ற வகை இல்லாமலே போனது. அதே காடேட்டத்தை பர்சாரியா என்ற மூன்றாவது வகையோடு விட்டபோது இரண்டும் நின்றன, ஏனென்றால் ஒன்று மேல்தண்ணீரில் மேய்ந்தது, மற்றது அடியில் படிந்த இரையை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு சிகாகோவில் தாமஸ் பார்க் மாவு வண்டை வைத்து வருஷக்கணக்கில் சோதனை செய்தார். நம் வீட்டில் ராகி மாவு டப்பாவைத் திறந்தால் ஓடுமே சிவப்பு வண்டு, அதுவும் அதன் சொந்தக்கார வண்டு ஒன்றும். சூடும் ஈரமும் இருந்தால் சிவப்பு வண்டு ஜெயித்தது, குளிரும் வறட்சியும் இருந்தால் பெரும்பாலும் மற்றது ஜெயித்தது, நடுவாந்திரமான சூழலில் சில பாட்டிலில் இது, சில பாட்டிலில் அது. அதே வண்டுகள்தான், அதே மாவுதான். சூழல் மாறியதும் ஜெயிப்பவர் மாறிவிட்டார். ஓர் உயிரினத்தைப் பார்த்து இது பலசாலி, அது நோஞ்சான் என்று பொதுவாக முத்திரை குத்த முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

சேர்ந்து வாழும் மூன்றாவது முடிவுக்கு நாம் மாஸ்கோ வரை போகத் தேவையில்லை, நம் மானாவாரிக் கொல்லைக்குப் போனால் போதும். ஆடியில் மழை பார்த்து ராகி போடுகிறோம், இடையிடையே அவரைச் சாலும் துவரைச் சாலும் விடுகிறோம். ராகியின் வேர் மேல்மண்ணிலேயே சல்லி சல்லியாகப் பரவும், துவரை ஆழத்துக்குப் போகும். ராகி மண்ணிலிருந்து தழைச்சத்தை எடுக்கும், அவரை தன் வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியாவை வைத்துக் காற்றிலிருந்தே தனக்கு வேண்டியதைச் செய்துகொள்ளும். ராகிக் கதிரை அறுத்து எடுத்த பிறகு, பனி இறங்கும் காலத்தில்தான் அவரை அந்த வெட்டவெளியில் பூத்துக் காய்க்கும். அதாவது ராகிக்கு மிகப்பெரிய நெருக்கடி பக்கத்து ராகிதான், அவரை இல்லை, அவரைக்கும் அப்படியே. தன் இனம் தன்னை நெருக்குவதைவிட அடுத்த இனம் குறைவாக நெருக்கினால் இரண்டும் நிலைக்கும் என்பதுதான் சமன்பாடு போடுகிற நிபந்தனை. ஒரு கணக்குக்காக, தனியாகப் போட்டால் இரண்டும் 100 பங்கு வரும், ஒன்றை ஒன்று நெருக்கும் கெழு பாதி, அதாவது 0.5 என்று வைத்தால், சேர்த்துப் போடும்போது ஒவ்வொன்றும் 67 பங்கு வாக்கில் நிற்கும். கூட்டினால் அதே நிலத்தில் 133. நம் தாத்தா பாட்டிகள் இந்த நிபந்தனையைக் கையால் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள், அதற்காக அவர்களைக் கும்பிட வேண்டும். தக்காளிக்கும் பூச்சாகுபடிக்கும் மாறிய பிறகு அவரைச் சால் விடுவது குறைந்துகொண்டே வருவதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் அது வேறு கடிதம்.

சரி, உண்ணிக்கு வருகிறேன். புல்லுக்கும் உண்ணிக்கும் நடுவே நடப்பது நாலாவது வகை என்று நான் நினைக்கிறேன். காரணம் இதுதான். மூடிய உண்ணிப் புதருக்குள் புல் முளைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அதே மாதிரி, அடர்த்தியாகப் புல் நிற்கிற இடத்திலோ மரக்கூரை மூடிய காட்டிலோ உண்ணி லேசில் நுழைவதில்லை. பாதை வெட்டிய ஓரம், தீப்பிடித்த இடம், மேய்ந்து மேய்ந்து மொட்டையான மேடு, இங்கேதான் முதலில் தலை காட்டும். யார் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்களோ அவர்கள் மற்றவரை உள்ளே விடுவதில்லை. இது முதல் வகையாக, அதாவது உண்ணி எப்போதும் ஜெயிக்கும் வகையாக இருந்திருந்தால் நமக்கு வழியே இல்லை, காலம் முழுக்கப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நாலாவது வகை என்றால் வழி இருக்கிறது, ஆனால் ஒரு கோட்டைத் தாண்டியாக வேண்டும்.

அந்தக் கோடு என்னவென்று எண்ணில் காட்டுகிறேன், பேப்பரும் பேனாவும் எடுத்தால் யாரும் சரிபார்க்கலாம். ஒரு துண்டு நிலம். புல் மட்டும் இருந்தால் 100 பங்கு, உண்ணி மட்டும் இருந்தால் அதுவும் 100 பங்கு. ஒரு பங்கு உண்ணி, புல்லுக்குரிய இரண்டு பங்கு இடத்தை அடைக்கிறது. ஒரு பங்கு புல், உண்ணிக்குரிய ஒன்றரைப் பங்கை அடைக்கிறது. இரண்டும் வளரும் வேகம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். எண்கள் நான் விளக்கத்துக்கு எடுத்தவை, அளந்தவை இல்லை. புல்லும் இரண்டு மடங்கு உண்ணியும் கூட்டி 100 ஆனால் புல்லின் வளர்ச்சி நிற்கும். உண்ணியும் ஒன்றரை மடங்கு புல்லும் கூட்டி 100 ஆனால் உண்ணியின் வளர்ச்சி நிற்கும். இரண்டையும் சேர்த்துத் தீர்த்தால் புல் 50, உண்ணி 25 என்று ஒரு புள்ளி வரும். அங்கே இரண்டும் நிற்கும், ஆனால் எந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தாலும் அந்தப் பக்கமே போய்விடும், திரும்பி வராது. புல்லுக்கும் உண்ணிக்கும் உள்ள விகிதம் ஏறுமா இறங்குமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், பாதிப் புல்லிலிருந்து உண்ணியைக் கழித்து வருவது நேர் எண்ணா, எதிர் எண்ணா என்பதில் போய் நிற்கிறது. ஆக இந்த நிலத்துக்குக் கோடு இதுதான்: புல் உண்ணியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் கடைசியில் நிலம் புல்லுக்கு, குறைந்தால் உண்ணிக்கு.

இப்போது ஒரு புதர்க்காட்டை எடுப்போம், உண்ணி 90 பங்கு, புல் 10 பங்கு. ஆட்களும் இயந்திரமும் வந்து உண்ணியில் 72 பங்கை எடுத்துவிட்டார்கள், மிச்சம் 18. எண்பது சதவீதம் போய்விட்டது, எவ்வளவு பெரிய வேலை! பார்க்கிற யாருக்கும் நிலம் சுத்தமாகத்தான் தெரியும். ஆனால் புல் 10, உண்ணி 18, நமக்கு வேண்டியதோ புல் 36க்கு மேல். கோட்டின் தப்பான பக்கத்தில்தான் இன்னும் நிற்கிறோம். இதில் மனதை வருத்துகிற விஷயம் ஒன்று இருக்கிறது. இடம் காலியாகிவிட்டதால் அடுத்த மழைக்கு இரண்டுமே வளரும். புல் 10லிருந்து 16 வாக்கில் ஏறும். முதல் வருஷம் ஆய்வுக்கு வருகிற அதிகாரி புல் வந்திருப்பதைப் பார்ப்பார், படம் எடுப்பார், சந்தோஷப்படுவார், அதில் பொய் எதுவும் இல்லை. அதற்குள் உண்ணி 40ஐ நெருங்கியிருக்கும், அங்கிருந்து புல் இறங்கத் தொடங்கும், இறங்கி இறங்கி ஒன்றுமில்லாமல் போகும். எங்கள் பள்ளிக் கணினியில் பிள்ளைகள் எக்செல்லில் இதைப் போட்டபோது, புல்லின் கோடு ஏறி வளைந்து இறங்கிய இடத்தில் ஒரு மாணவி எழுந்து, எங்கள் ஊர் மேட்டில் இப்படித்தான் சார் ஆச்சு, முதல் வருஷம் மாடு மேய்ந்தது, இப்போ உள்ளேயே போக முடியாது என்றாள். அவளுக்கு நான் பதில் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் தேவைப்படவில்லை.

பிடுங்குவதை மட்டும் வைத்தே கோட்டைத் தாண்ட வேண்டும் என்றால் உண்ணியை 5 பங்குக்குக் கீழே கொண்டுவர வேண்டும், அதாவது 90இல் 86 எடுக்க வேண்டும். கடைசியில் வருகிற அந்தப் பத்துப் பதினைந்து பங்குதான் பாறை இடுக்கிலும் பள்ளத்திலும் மூங்கில் தூருக்குள்ளும் ஒளிந்திருக்கிறது, அதை எடுக்கிற கூலிதான் அதிகம். அதற்குப் பதில் 72 எடுத்துவிட்டு, அதே மழையில் 30 பங்குக்குப் புல்லை விதைத்து எழுப்பினால் புல் 40, உண்ணி 18. 36ஐத் தாண்டிவிட்டோம். அதற்கு மேல் புல்லே நமக்கு வேலை செய்யும். புல் முழுசாக மூடிய நிலத்தில் குருவி போடும் உண்ணி விதை முளைத்தாலும் மேலே வர முடியாது, ஏனென்றால் அந்த நிலத்தில் அதன் வளர்ச்சி வேகம் பூஜ்யத்துக்குக் கீழே. நான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தது இந்த ஓர் இடத்துக்குத்தான். பிடுங்குவதும் விதைப்பதும் இரண்டு திட்டம் இல்லை, ஒரே திட்டத்தின் இரண்டு கை. ஒன்றை இந்த வருஷம், மற்றதை நிதி வந்த பிறகு என்று பிரித்தால் இரண்டுமே வீண்.

மேய்ச்சலையும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டும், இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். மாடு புல்லைத் தின்னும், உண்ணியைத் தொடாது. 40 பங்காக நிற்கிற இளம்புல்லில் 10 பங்கு மேய்ந்துவிட்டால் 30, மறுபடி கோட்டுக்குக் கீழே. அதற்காக மாட்டுக்காரர்கள்தான் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. பென்னாகரம், ஒகேனக்கல் பக்கத்து ஆலம்பாடி மாடு இந்தக் காட்டோரத்தில் மேய்ந்து வளர்ந்த இனம், அந்த இனத்தைக் காப்பாற்ற அரசே காரிமங்கலத்தில் ஆராய்ச்சி மையம் வைத்திருக்கிறது. புல் குறைந்ததில் முதலில் அடிபட்டதும் அந்த மாடுகள்தான். விதைத்த துண்டை மட்டும் இரண்டு மழைக்காலம் மேய்ச்சலுக்கு மூடி வைக்கலாம், எந்தத் துண்டு, எப்போது திறப்பது என்பதைப் பட்டிக்காரர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம், மூடுகிற காலத்துக்குத் தீவனம் கொடுக்கலாம். புல் 70, 80க்கு ஏறிய பிறகு அளவாக மேய்ந்தால் அது கோட்டுக்குப் பக்கத்தில்கூட வராது. அப்புறம் யானை. ஐப்பசி, கார்த்திகையில் கர்நாடகக் காட்டிலிருந்து கூட்டம் இறங்கி ஜவளகிரி, நொகனூர், சானமாவு என்று சுற்றுவதும், ராகிக் கொல்லையில் இரவு முழுக்க டார்ச்சும் பட்டாசுமாக நாம் காவல் இருப்பதும் வருஷா வருஷம் நடப்பதுதான். காட்டில் புல் குறைந்ததுதான் அதற்கு ஒரே காரணம் என்று சொன்னால் அது தப்பு, பால் கட்டிய ராகிக் கதிரின் ருசியை யானை மறக்காது. ஆனாலும் காட்டுக்குள் தின்ன வேண்டியது இருக்கும் இடமெல்லாம் முள்ளாகிக் கிடந்தால் நிலைமை எப்படிச் சீராகும்? 2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு என்று இரண்டு சரணாலயம் அறிவித்தாகிவிட்டது, எல்லைக்குள் என்ன வளர்கிறது என்பதையும் பார்க்க வேண்டாமா?

பிடுங்குகிற முறையும் கணக்கில் வரும். மேலோடு வெட்டினால் உண்ணி அடித்தூரிலிருந்து நாலு மடங்காகத் துளிர்க்கும், கொளுத்தினாலும் அப்படியே. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபு குழுவினர் கார்பெட் புலிகள் காப்பகத்தில் ஒரு முறையைச் செய்து காட்டினார்கள். துளிர் வருகிற பகுதிக்குக் கீழே ஆணிவேரை மண்வெட்டியால் வெட்டி, செடியைத் தூக்கித் தலைகீழாகப் போட்டுவிடுவது. மண்ணை அதிகம் கிளற வேண்டாம், பெரிய இயந்திரமும் வேண்டாம். பொக்லைன் மண்ணைப் புரட்டிப் போட்டால் புதைந்து கிடக்கிற உண்ணி விதைக்கு நாமே வெளிச்சம் காட்டினமாதிரி ஆகிறது என்பது என் கருத்து. அந்தக் குழுவினரும் அகற்றியதோடு விடவில்லை, அந்த இடத்தில் புல்லையும் பயறு இனச் செடிகளையும் கொண்டுவந்தார்கள். எடுத்த குச்சியும் வீணாகாது, ஒகேனக்கலுக்கு எதிர்க்கரையில் மாதேஸ்வரன் மலைப் பக்கம் சோளகர்கள் உண்ணிக் குச்சியில் நாற்காலியும் கூடையும் செய்து விற்கிறார்கள்.

இந்தச் சமன்பாட்டுக்கும் எல்லை உண்டு. நிலம் முழுக்க ஒரே சீராக இருப்பதாக அது நினைக்கிறது, கெழுக்கள் மாறாது என்று நினைக்கிறது. நம் காட்டில் ஒரு வருஷம் மழை கொட்டும், மறு வருஷம் பொய்க்கும், பார்க்கின் வண்டுகளுக்கு நடந்த மாதிரி கெழுவே மாறிப்போகலாம். அதனால்தான் 36 வேண்டிய இடத்தில் 37 போதும் என்று நிற்காமல் தாராளமாக விதைக்க வேண்டும் என்கிறேன். கெழுவை அளப்பதும் பெரிய வித்தை இல்லை. பத்துக்குப் பத்து மீட்டர் சதுரங்கள் சிலவற்றைக் கயிறு கட்டிப் பிரித்து, சிலவற்றில் பிடுங்கி மட்டும் விடுவது, சிலவற்றில் பிடுங்கி விதைப்பது, சிலவற்றில் விதைத்து வேலியும் போடுவது, சிலவற்றைத் தொடாமல் விடுவது, வருஷத்துக்கு இரண்டு முறை எது எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்று குறிப்பது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளில் கணிதமும் தாவரவியலும் படிக்கிற பிள்ளைகள் செய்கிற வேலைதான் இது, வனத்துறை அனுமதி கொடுத்துக் கூட ஒரு வனக்காப்பாளரை அனுப்பினால் போதும்.

ஏரிகளுக்கும் இதே சமன்பாடு பொருந்தும் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜிலேபி மீன் நம் ஏரி, அணைகளில் நாட்டு மீன்களோடு ஒரே இரைக்கும் ஒரே கரைக்கும் போட்டி போடுகிறது. குளத்தில் குஞ்சு விடுவதற்கு முன்னால், அங்கே ஏற்கெனவே இருப்பது எது, புதிதாக விடுவது மேல்தண்ணீரில் மேய்வதா, அடியில் மேய்வதா என்று கேட்டாலே பாதித் தப்பு நின்றுவிடும். கட்லா மேலே, ரோகு நடுவில், மிர்கால் அடியில் என்று மூன்றையும் சேர்த்து விடுகிறார்களே, அது காஸேயின் பர்சாரியா கணக்குதான்.

தமிழக அரசு 2022இல் வெளியிட்ட ஆக்கிரமிப்புத் தாவரக் கொள்கையின் தலைப்பிலேயே சூழல் மீட்டெடுப்பு என்பதும் சேர்ந்தே இருக்கிறது. ஆகவே நான் கேட்பது புதுச் சட்டம் இல்லை. உண்ணி அகற்ற விடுகிற ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் புல் விதைப்பும் அதே பருவத்திலேயே சேர்ந்து இருக்கட்டும், ஒப்பந்தத் தொகையில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, மூன்றாம் வருஷ மழைக்குப் பிறகு நிலத்தில் புல் எவ்வளவு, உண்ணி எவ்வளவு என்று அளந்து பார்த்துக் கொடுக்கட்டும். முதல் வருஷப் படத்தை வைத்து முழுப்பணமும் கொடுக்க வேண்டாம், ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன். விதை வெளியிலிருந்து வாங்க வேண்டியதில்லை, கொழுக்கட்டைப் புல்லும் ஊசிப்புல்லும் நம் காட்டோரங்களிலேயே விளைகிறது. மழை ஓய்ந்து புல் முற்றியதும் மலைக்கிராமத்துப் பெண்களுக்கும் இருளர் குடும்பங்களுக்கும் கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுத்தால் மார்கழி, தை மாதங்களிலேயே சேகரித்துவிடலாம், ஆடிக்கு விதை கையில் இருக்கும். உங்கள் செய்தியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள்: இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் உண்ணி அகற்றியதாக நீங்களே செய்தி போட்ட இடங்களில் ஒன்றிரண்டுக்கு இந்தப் பருவத்தில் போய், அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியர்,
தேன்கனிக்கோட்டை வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.